உள்பக்கம் வைத்த பொட்டு

அத்தியாயம் 4

மலைச்சாலையில் ரிங்லெட்டைத் தாண்டியதிலிருந்து அந்த வெள்ளைப் பெஜோ கார் முன்னால் போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒவ்வொரு வளைவிலும் அது தயங்கி, யோசித்து, ஒரு தடவை ஹாரன் அடித்து, எதிரே யாரும் பதில் சொல்லவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகே திரும்பியது. பின்னால் பழைய மோரிஸ் மைனரை ஓட்டி வந்த ரெங்கசாமிக்கு மூன்றாவது கியர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது.

"மேடம், இந்த வேகத்துக்கு நாம இறங்கி ரெண்டு பக்கமும் தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கிட்டே நடந்து போலாம். மேல போய்ச் சேரும்போது ஆளுக்கு ஒரு கூடை ரொம்பியிருக்கும்."

"மூட்டமா இருக்கு. முந்தாதே" என்றாள் பக்கத்தில் இருந்த நீலாவதி.

"முந்தலை. முந்தற ஆசையைத்தான் சொன்னேன்."

நீலாவதி ஈப்போவில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, மோதிக் கிடக்கும் கார்களைப் பார்த்து மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தவள். மோதாத கார்களெல்லாம் மோதியதாகக் கணக்குக்கு வருவதைப் பார்த்துச் சலித்து, சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். போன வருஷம், பள்ளத்தாக்கில் உருண்டதாகச் சொல்லப்பட்ட ஒரு முதலாளியின் காரை, அதன் டயர்களை மட்டும் தடவிப் பார்த்தே தள்ளிவிடப்பட்டது என்று நிரூபித்தாள். அன்றிலிருந்து பத்திரிகைகளில் அவள் 'டயர் நீலாவதி'.

ரெங்கசாமி ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை. ஒரு தீபாவளி வியாபாரத்தில், சேலையின் உண்மை விலையை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்ட குற்றத்துக்காகக் கடையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டு, நீலாவதியிடம் உதவியாளாகச் சேர்ந்தவன். அவன் அப்பா இன்றைக்கும் அந்தக் கதையைக் கண் கலங்காமல் சொல்வதில்லை.

இருவரும் போய்க்கொண்டிருந்தது பிரிஞ்சாங்குக்கு மேலே உள்ள ரோஸ்மவுண்ட் எஸ்டேட்டுக்கு. ஜனங்கள் வாயில் அது ரோசாமலைத் தோட்டம். மலையிலிருந்து லோரியில் இறங்கும் தேயிலை மூட்டைகள், சில மாதமாக அடிவாரத்துத் தாப்பா கிடங்கில் குறைவாக வந்து சேர்கின்றன. ஏற்றிவிட்டது சரி என்கிறது தோட்டத்து ஆபீஸ். வந்தது குறைவு என்கிறது கிடங்கு. நடுவில் இருப்பது லோரியும், அதன் டிரைவர் கருப்பையாவும். ஆகவே கருப்பையா திருடன். இன்று மாலைச் சங்கு ஊதும்போது அவன் லோரிச் சாவியைக் கொடுத்துவிட்டு, பெண்டாட்டியோடு, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். தொழிற்சங்கத்துக்காரர்கள் சத்தம் போட்டதால், அதற்கு முன் வெளியாள் ஒருவர் வந்து பார்க்கட்டும் என்று தோட்டத்து மேனேஜரான துரை இறங்கி வந்திருந்தார்.

பிரிஞ்சாங் கடைத்தெருவைக் கடந்து, தோட்டத்து வாசலில் பெஜோ நுழைந்தபோது ரெங்கசாமி பெருமூச்சு விட்டான். "நம்ம ஊர்வலத்துக்கு முன்னால போன சாமி இங்கேயே குடியிருக்குது போல."

வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா பக்கிரிசாமி, பெஜோவுக்கு நெஞ்சை நிமிர்த்தி ஒரு சல்யூட் அடித்தார். மோரிஸ் மைனரை நிறுத்தி, பின்பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த மாற்று டயரை முகர்ந்து பார்க்காத குறையாகச் சோதித்துவிட்டு விட்டார்.

பெஜோவிலிருந்து இறங்கியவர் தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி சிவசாமி. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கையில் ஓர் ஆர்மோனியப் பெட்டி.

"வாங்கம்மா, வாங்க. உங்களை வரச் சொல்லித் தொரை அனுப்பின லெட்டரை டைப் அடிச்சதே நாந்தான். தாப்பாவுல ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்குத் தேவார வகுப்பு. திங்கக்கிழமை காலையில திரும்பிடுவேன். ரோட்டுல பின்னால வந்தது நீங்கதானா? தெரியாமப் போச்சே."

"எங்களுக்கு நல்லாத் தெரிஞ்சுது ஐயா" என்றான் ரெங்கசாமி.

*

துரை ஆபீஸ் வாசலுக்கே வந்தார். வெள்ளைக்காரன் போய் வெகு காலம் ஆகிறது. இப்போதைய துரை நம்மவர்தான். தொப்பி மட்டும் வெள்ளைக்காரன் விட்டுப் போனது.

"பாவமாத்தான் இருக்கு" என்றார். "ஆனா நடுவுல வேற ஆள் இல்லையே. ஸ்டோர்ல எண்ணி ஏத்தறது பெரிய கிராணி. அவர் நெத்தியைப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். நான் கொஞ்சம் டயரையும் பார்த்துக்கறேன்" என்றாள் நீலாவதி.

சரஸ்வதி பூசை முடிந்து இன்னும் வாரம் திரும்பவில்லை. தோட்டத்து முற்றத்தில் சக்கரம் வைத்த எதுவும் தப்பவில்லை. லோரி, டிராக்டர், தள்ளுவண்டி, எல்லாவற்றின் டயரிலும் சந்தனத்தின் மேல் குங்குமம் காய்ந்திருந்தது. ஆஸ்பத்திரித் தூக்குக் கட்டிலுக்கும் உருளை இருக்கிறது என்பதற்காக அதற்கும் ஒரு பொட்டு.

லோரியின் பக்கத்தில் கருப்பையா நின்றான். நாளைக்குத் தன்னுடையது இல்லை என்று தெரிந்தும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் எடுக்கலைம்மா. வேற என்ன சொல்றதுன்னு தெரியலை. வழியில நான் டீ குடிக்கக்கூட நிறுத்தறது இல்ல."

நீலாவதி லோரியின் டயர்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு டயரில் இருந்த பொட்டைப் பார்த்தாள். சந்தனத்தின் நடுவில் பிறை மாதிரி ஒரு கோடு, சந்தனம் படாமல் கறுப்பாகத் தெரிந்தது.

"இது என்ன பிறை?"

கருப்பையா வலது கட்டைவிரலைக் காட்டினான். நடுவில் வளைந்த தழும்பு. "பழைய லோரிக்கு முன்னால கைப்பிடி போட்டுச் சுத்துவோம்ல, அது திருப்பி அடிச்சது. எங்கே பொட்டு வச்சாலும் இப்படித்தான் விழும். எல்லா வண்டிக்கும் நாந்தான் வச்சேன்."

கொஞ்சம் தள்ளி வந்ததும் ரெங்கசாமி கேட்டான். "டயர் என்ன சொல்லுது மேடம்?"

"நடுவுல மட்டும் தேய்ஞ்சா காத்து அதிகம். ரெண்டு ஓரமும் தேய்ஞ்சா காத்து கம்மி. அங்கங்க குழி குழியா இருந்தா அப்சார்பர் போச்சு. ஒரு ஓரம் மட்டும்னா சக்கரம் சாய்ஞ்சோ கோணலாவோ ஓடுது. இந்த லோரியில எல்லாம் ஒரே சீராத் தேய்ஞ்சிருக்கு. பொறுப்பான ஆள்."

"எங்கப்பாவும் இதே தொழில்தான். கடைக்கு வர்றவங்க செருப்பைப் பார்த்துத்தான் விலை சொல்வார். குதிகால் தேய்ஞ்சிருந்தா நடந்து நடந்து விசாரிச்சுட்டு வந்தவங்க, குறைச்சுச் சொல்லணும். புதுச் செருப்புன்னா அன்னிக்கு எங்க வீட்டுல கறிச்சோறு."

"பொறுப்பான ஆள் திருட மாட்டான்னு டயர் சொல்லாது. நம்மளும் சொல்ல முடியாது. வா, ஜாகாவைப் பார்ப்போம்."

*

ஜாகா பக்கிரிசாமி தன் வேலையைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்.

"ஒரு கைப்பிடி தேயிலை என்னைத் தாண்டிப் போவாது. கொழுந்து எடுக்கற பொம்பளைங்க பை, ஆம்பளைங்க சோத்துச் சட்டி, கருப்பையா லோரி, எல்லாம் திறந்து பார்ப்பேன்."

"ஸ்டாஃப் கார்?"

"எந்தக் கார்? பெரிய கிராணி காரும் ஆஸ்பத்திரி டிரெசர் ஐயா காரும்தானே இருக்கு." பக்கிரிசாமியின் கை தானாக நெற்றிக்குப் போனது. "அதுக்கு சல்யூட்."

"திறந்து பார்க்கறது?"

"ஐயோ, அவங்க கிராணி லா. டிரெசர் லா. அவங்களைப் போய்த் திறந்து பார்க்கறதா?"

திரும்பி நடக்கும்போது நீலாவதி சொன்னாள். "லோரியைத் திறந்து பார்த்திருக்கார், அதிகமா ஒண்ணும் இல்ல. குறைவா இருந்தா அவருக்கு எப்படித் தெரியும்? அவர் எண்ணறது இல்லையே. அப்போ மூட்டை லோரியில ஏறவே இல்லைன்னா?"

"சல்யூட் வாங்கிக்கிட்டு வெளியே போயிருக்கு."

"ரெண்டு காருக்கும் பின் சக்கரம் தனித்தனியா ஆடும். பின்பெட்டியில கனத்தை வச்சா, பாரம் தாங்காத மாடு காலை அகட்டற மாதிரி சக்கரம் அகட்டும். டயரோட உள் ஓரம் மட்டும்தான் ரோட்டுல அழுந்தும். மாசக்கணக்கா மூட்டை ஏத்தின காருக்குப் பின் டயர் ரெண்டும் உள்பக்கம் மொழுமொழுன்னு இருக்கும்."

"தேயிலை பேசாது, டயர் பேசும்ங்கறீங்க."

"நீ பேசற அளவுக்குப் பேசாது."

*

முதலில் பெஜோ. கிராணி தாமே கூட வந்து, பின்பெட்டியைக் கேட்காமலே திறந்து காட்டினார். உள்ளே மல்லிகை வாசனையும் ஒரு பாட்டுப் புத்தகமும் இருந்தன. ரெங்கசாமி வழக்கம்போல் சட்டைப் பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து, கார்க் கண்ணாடி சரியாக இல்லை என்பது போலத் தலைமுடியைச் சீவிக்கொண்டான். அவன் பார்வை கீழே போனது.

முன் டயர்களில் பொட்டு இருந்தது. பின் டயர்களில் இல்லை.

"ஐயா, பின் சக்கரம் ரெண்டும் உங்ககிட்டக் கோவிச்சுக்கிட்டுதா? நெத்தி வெறுமையா இருக்கே."

கிராணி சிரித்தார். "கார் கழுவினப்போ போயிருக்கும் தம்பி."

நீலாவதி குந்தி உட்கார்ந்து பின் டயரில் விரலை ஓட்டினாள். உள் ஓரத்தில் பட்டை கனமாக, புதுசு மாதிரி இருந்தது. தேய்ந்திருந்தது வெளி ஓரம். அடுத்த பக்கமும் அதே. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் தோள் லேசாக இறங்கியதை ரெங்கசாமி பார்த்தான்.

"வெளி ஓரம் தேய்ஞ்சிருக்கு ஐயா. மலை ரோட்டுல வளைவுல வேகமாத் திருப்பினா இப்படி ஆகும்."

"ஆமாம்மா, ஆமாம்மா" என்றார் கிராணி உடனே. "நான் கொஞ்சம் வேகமா ஓட்டறவன்தான். வளைவுல ஒரு பழக்கம். குறைச்சுக்கறேன்."

அப்பாவின் கடையில் முதல் விலைக்கே சரி என்று தலையாட்டுகிறவர் வந்தால், அப்பா அவர் கொடுக்கும் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ரெங்கசாமிக்கு இப்போது கையில் தூக்கிப் பார்க்க நோட்டு இல்லை. கிராணி ஆபீசுக்குள் போகும்வரை பொறுத்துச் சொன்னான்.

"வேகமா ஓட்டறவராம். காலையில அந்த வேகத்தை நாம பார்த்தோமே."

"ஏறும்போது மெதுவா வந்தார். இறங்கும்போது யார் கண்டது? டயர் பொய் சொல்லாது ரெங்கா. வெளி ஓரம் தேய்ஞ்ச காரு பாரம் ஏத்தின காரு இல்ல."

அடுத்து டிரெசர் ராதாகிருஷ்ணன். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவர்தான் டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர் எல்லாம். டயரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதுமே அவர் கையிலிருந்த மருந்துப் புட்டியை வைத்துவிட்டு எழுந்தார்.

"எதுக்கு? யார் சொன்னது? டயர்ல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லைன்னா ஒரு நிமிஷத்துல பார்த்துடலாமே" என்றான் ரெங்கசாமி.

டத்சன் கார் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சுவரை ஒட்டி, இடது பக்கத்தை யாருக்கும் காட்டாமல் நின்றது. அதற்குள் ரெங்கசாமி மனத்தில் விலங்கு பூட்டியாகிவிட்டது. ஆனால் பின் டயர்கள் இரண்டும் ஒழுங்காக இருந்தன. இடது முன் டயர் மட்டும் ஓரம் பிய்ந்து, பக்கச் சுவரெல்லாம் சிராய்த்திருந்தது.

"கையை வச்சுப் பாரு" என்றாள் நீலாவதி.

ரெங்கசாமி டயரின் குறுக்கே உள்ளங்கையை ஓட்டினான். போகும்போது வழுவழு. திரும்பி வரும்போது சுரசுர. பூனை முதுகை எதிர்ப்பக்கமாகத் தடவியது போல.

"சக்கரம் நேராப் பார்க்கலை. எதிலயோ மோதி உள்ளே திரும்பியிருக்கு. உருளாம ரோட்டைத் துடைச்சுக்கிட்டே போகுது." நீலாவதி எழுந்தாள். "ஒரு தடவை மோதினது இல்ல டிரெசர் ஐயா. அடிக்கடி. எப்பவும் இடது பக்கம், எப்பவும் வாய்க்கால் ஓரத்துக் கல்லுல. இத்தனை வருஷமா ஓட்டறவர் செய்யற காரியம் இது இல்லையே. ஓட்டறது யாரு?"

ராதாகிருஷ்ணன் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"சீதா டீச்சர்" என்றார் மெல்ல. "லைசென்ஸ் எடுக்கணும்னு ஆசைப்பட்டாங்க. சாயந்தரத்துல கொஞ்சம் சொல்லிக் குடுத்தேன். அவங்க வீட்டுக்குத் தெரியாது. வளைவுல அவங்க ரோட்டைப் பார்க்க மாட்டேங்கறாங்க."

"எதைப் பார்க்கறாங்க?" என்று ரெங்கசாமி கேட்டான்.

டிரெசரின் காது சிவந்தது.

"மேடம், இந்தத் திருட்டு நம்ம கேஸ்ல வராது" என்றான் ரெங்கசாமி. "கல்யாணப் பத்திரிகை வந்தா வருவோம்."

*

சிரிப்பு அதிக தூரம் கூட வரவில்லை. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. மூட்டம் மறுபடி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. இருந்த இரண்டு காரும் கைவிட்டுப் போயின. நீலாவதி லயத்துப் பக்கம் நடந்தாள். கருப்பையாவிடம் கடைசியாக ஒரு தடவை பேசிப் பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு.

கருப்பையா வீட்டில் இல்லை. அவன் மனைவி செல்லம் கூடத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பாத்திரங்கள் ஏற்கெனவே சாக்குக்குள் போயிருந்தன.

"டீ போடலாம்னா கேத்தலை உள்ளே வச்சுக் கட்டிட்டேன்" என்றாள். "கோலா தெர்லாவுல என் தங்கச்சி வீடு. அவளுக்கே இடம் பத்தாது. திருடிட்டு வந்தவங்கன்னு தெரிஞ்சா அங்கேயும் வேலை தர மாட்டாங்க. நீங்க கேட்டீங்களாமே, அவர் எடுத்தாரான்னு."

"கேட்கலைம்மா. டயரைத்தான் கேட்டேன்" என்றாள் நீலாவதி.

செல்லம் சேலைகளை மடிக்கத் தொடங்கினாள். கல்யாணச் சேலை ஒன்று, அரக்கு நிறம், ஒரு மடிப்பில் மட்டும் வெளுத்திருந்தது. அவள் அதைப் பிரித்து உதறி, வெளுத்த பக்கம் உள்ளே போகும்படி மாற்றி மடித்தாள். மேலே நல்ல நிறம் வந்தது. புதுச் சேலை மாதிரி இருந்தது.

ரெங்கசாமி அதைப் பார்த்தபடியே நின்றான். அந்தக் காரியம் அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஷோகேஸில் வெயில் பட்டு நிறம் போன சேலையை, கடை மூடியதும் அப்பா மடிப்பு மாற்றி வைப்பார். வாங்குகிறவர் பார்க்கிற பக்கம் எப்போதும் நல்ல பக்கம். பிரித்துப் பார்க்கிற வரைக்கும் சேலை புதுசு.

"மேடம்" என்றான். குரலில் கேலி இல்லாததால் நீலாவதி உடனே திரும்பினாள். "டயரை ரிம்மிலேருந்து கழட்டி, மடிப்பு மாத்தி மறுபடி மாட்ட முடியுமா? உள்பக்கத்தை வெளியே கொண்டு வந்து?"

நீலாவதி செல்லத்தின் கையிலிருந்த சேலையைப் பார்த்தாள்.

"முடியும். ஒரு ஓரம் தேய்ஞ்சா மறு ஓரத்தையும் ஓட்டித் தீர்க்க, சிக்கனக்காரங்க செய்யறதுதான். எந்த டயர் கடையிலும் போட்டுத் தருவான்."

"அப்போ பின் சக்கரத்துப் பொட்டு கழுவினதுல போகலை. முன் சக்கரத்துல இருக்கே. காரைப் பாதி கழுவறவங்க யாரு?"

"அந்த லெட்டரை டைப் அடிச்சவர் அவர்" என்றாள் நீலாவதி மெல்ல. "வர்றது யாருன்னு அவருக்குத் தெரியும். எதைப் பார்ப்பேன்னும் தெரியும். பத்திரிகை படிக்கறவர்." அவள் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தாள். "செல்லம், மூட்டையை இறுக்கிக் கட்டாதீங்க."

வாசலில் பக்கிரிசாமியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். கிராணி தாப்பாவுக்கு இறங்கும்போது வேகமா, மெதுவா?

"இறங்கும்போதா?" ஜாகா வாய்விட்டுச் சிரித்தார். "ஏறும்போதே தேவலை லா. இறங்கும்போது பின்னால பஸ்ஸுக்காரன் திட்டறது பிரிஞ்சாங் வரைக்கும் கேட்கும்."

*

முற்றத்தில் துரை நின்றார். கருப்பையா லோரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எதிரே நின்றான். சாவியை வாங்கிக்கொள்ளக் கிராணி அருகில் தயாராக இருந்தார். செல்லமும் பின்னாலேயே வந்து, ஒரு கையில் மூட்டையோடு லோரியின் ஓரமாக நின்றாள்.

"ஒரு நிமிஷம் தொரை" என்றாள் நீலாவதி. "ரெங்கா, உன் கண்ணாடி."

ரெங்கசாமி தன் சலவைச் சட்டையை ஒரு தடவை வருத்தத்தோடு பார்த்துவிட்டு, ஈர மண்ணில் பெஜோவுக்கு அடியில் படுத்தான். கண்ணாடியைப் பின் டயரின் உள்பக்கம் நீட்டித் திருப்பினான்.

"தொரை, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. தொப்பி விழும், நான் பிடிச்சுக்கறேன்."

துரை குனிந்தார். கண்ணாடியில், யாரும் எப்போதும் பார்க்காத அந்தப் பக்கத்தில், காய்ந்த சந்தனமும் குங்குமமும் தெரிந்தன. சந்தனத்தின் நடுவில் பிறை மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

"பொட்டு" என்றார் துரை. "உள்பக்கம்."

"கருப்பையா" என்றாள் நீலாவதி. "பூசை அன்னிக்குக் கிராணி ஐயா காருக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நாந்தாம்மா. ஐயா உள்ள பாட்டுப் படிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க வெளியவே வரலை."

"சக்கரத்துக்கு உள்பக்கமா வச்சீங்க?"

"காருக்கு அடியில படுத்துக்கிட்டா பொட்டு வைப்பாங்க?" கருப்பையாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

எல்லார் கண்ணும் கிராணி பக்கம் திரும்பியது. சிவசாமி கொஞ்சமும் அசரவில்லை. தலையை ஆட்டிச் சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு? ஓரம் தேய்ஞ்சுது, டயரைத் திருப்பிப் போட்டேன். சிக்கனம்தானே. பிரிஞ்சாங்குல எல்லாரும் செய்யறதுதான். இதுல என்ன திருட்டு?"

"திருட்டே இல்ல ஐயா" என்றாள் நீலாவதி. "எந்த ஓரம் தேய்ஞ்சுது?"

"வெளி ஓரம். வளைவுல ஆகும்னு நீங்களே காலையில சொன்னீங்களே."

ரெங்கசாமி மண்ணில் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டான். கடையில் வாடிக்கையாளர் தானாகவே பையைத் திறக்கும்போது அப்பா முகத்தில் ஒரு சாந்தி வரும். அது இப்போது தன் முகத்தில் வந்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"வெளி ஓரம் தேய்ஞ்ச டயரைத் திருப்பிப் போட்டா, தேய்ஞ்ச ஓரம் இப்போ உள்ளே போயிருக்கணும்" என்றாள் நீலாவதி. "ஆனா தேய்ஞ்ச ஓரம் வெளியே இருக்கு. தொரை, நீங்களே தொட்டுப் பாருங்க. திருப்பறதுக்கு முன்னால இது உள் ஓரம். இந்தக் காருக்குப் பின் டயர் ரெண்டும் உள் ஓரம் தேயறதுன்னா பின்பெட்டியில பெரிய பாரம், மாசக்கணக்கா. ஆர்மோனியம் அவ்வளவு கனம் இருக்காது."

துரை தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் தலையில் தொப்பி இல்லை. அதை அவர் தேடவும் இல்லை.

"என்ன பாரம் கிராணி?"

"அரிசி" என்றார் சிவசாமி. முதல் தடவையாகக் குரல் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்தது. "தாப்பா கோயில்ல அன்னதானம். வாராவாரம் அரிசி மூட்டை கொண்டு போவேன். தர்மக் காரியம், வெளியே சொல்லிக்கறது இல்ல."

 வாசலிலிருந்து கூடவே வந்திருந்த ஜாகா பக்கிரிசாமிதான் முதலில் வாயைத் திறந்தார். நம்பிக்கை உடைந்துபோன குரல்.

"ஐயா, இங்கே அரிசி கீழேருந்து லோரியில ஏறி வருது. தாப்பாவுல ஒரு விலைன்னா இங்கே அதுக்கு மேல. இங்கேருந்து கீழே போறது கோசு போகும், பூ போகும், தேயிலை போகும். யாராவது மலை மேலேருந்து அரிசி வாங்கித் தாப்பாவுக்குக் கொண்டு போவாங்களா?"

 கிராணியின் நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்து ஒரு பக்கமாக வழிந்தது. துரை கையை நீட்டினார்.  பிறகு சிவசாமி இடுப்பிலிருந்து ஸ்டோர் சாவியை எடுத்து அதில் வைத்தார்.

"தாப்பாவுல எங்கே இருக்கு?"

"வகுப்பு நடக்கிற வீட்டுல. பின்னறையில." அவர் குரல் ஆர்மோனியத்தில் காற்று தீர்ந்தது போல இறங்கியது. "எல்லாத்தையும் இன்னும் விக்கலை."

அந்த நேரத்தில் மாலைச் சங்கு ஊதியது. சரிவு முழுக்க அது போய் மோதித் திரும்பியது. பழக்கத்தில் கருப்பையாவின் கை சாவியோடு முன்னால் நீண்டது. துரை அந்த விரல்களைப் பிடித்து, சாவியின் மேல் மூடினார்.

"நீயே வச்சுக்க. லோரியை எடு. பிரிஞ்சாங் போலீஸ்ல ரெண்டு பேரை ஏத்திக்கிட்டுத் தாப்பாவுக்குப் போ. இருக்கற மூட்டையைக் கொண்டு வா."

 செல்லம் அங்கேயே, லோரியின் ஓரமாக உட்கார்ந்து மூட்டையின் முடிச்சைப் பிரித்தாள். கேத்தல் அடியில் இருந்தது. அதை எடுப்பதற்காகக் கல்யாணச் சேலையை வெளியே எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வெளுத்த மடிப்பு மேலே தெரிந்தது. அவள் அதைத் திருப்பவில்லை.

ரெங்கசாமி காருக்கு அடியிலிருந்து எழுந்து, மண் அப்பிய சட்டையையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று பைக்குள் போட்டுக்கொண்டான்.

லோரியில் ஏறப்போன கருப்பையா, படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான். பெஜோவின் பின் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

"அடுத்த வருசம்" என்றான், "ரெண்டு பக்கமும் வச்சுடறேன் லா."